உங்கள் நாயைக் கீரி கடித்துவிட்டதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு, வாசலில் நாய், பின்னால் தேயிலைத் தோட்டம். இந்த மூன்றும் அமைந்தவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் நாய் காதில் ரத்தம் சொட்ட வந்து நிற்கும். கடித்தது கீரியோ, நரியோ, காட்டுப்பன்றியோ. சிறுத்தையென்றால் இந்தக் குறிப்புகள் தேவைப்படாது. நாய் திரும்பி வந்தால்தானே!

முதலில் அக்கம்பக்கத்தைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டாலும் வருவார்கள். எதிர்வீட்டு அண்ணன் மஞ்சள்தூளோடு வருவார், மேல்வீட்டுப் பாட்டி சுண்ணாம்போடு. காப்பித்தூள் கட்சியும் மிளகாய்த்தூள் கட்சியும் தனித்தனியாக வந்து சேரும். அடுக்களையில் உள்ள அத்தனையும் புண்ணுக்குள் போகும், சோப்பைத் தவிர. அது குளியலறையில் இருப்பதால் யாருக்கும் ஞாபகம் வராது. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பு; துணி சோப்புக்கே கரைந்துவிடும். ஆனால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மார்கழி மாதம் மலைக் குழாயடியில் 15 நிமிடம்! மூன்றாவது நிமிடமே, "போதும்ப்பா, சுத்தமாயிடுச்சு" என்று குரல் வரும். சொல்பவர் ஸ்வெட்டர் போட்டுத் தள்ளி நிற்பவராக இருப்பார். காதில் வாங்காதீர்கள்.

"நம்ம மணி நம்மளையே கடிக்குமா?" என்றொரு கேள்வி வரும். கடிக்கும். வலியில் இருக்கும் நாய் ரேஷன் கார்டில் பெயர் பார்க்காது. பழைய துண்டால் மூச்சு முட்டாமல் வாயைக் கட்டிவிட்டு, கையில் உறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொண்டு கழுவுங்கள். முடியை விலக்கிப் பார்த்தால் மிளகளவு ஓட்டைதான் தெரியும். பல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். அவர் உடனே தையல் போடாவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். கடிபட்ட இடத்தை அவசரமாக மூடினால் உள்ளே சீழ் கட்டும்.

மாட்டாஸ்பத்திரி தூரமா? 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். "வருஷா வருஷம் ஊசி போடுறோமே" என்று தப்பிக்க முடியாது. போட்ட நாய்க்கும் உடனே மறு ஊசி உண்டு. போடாத நாய்க்குக் கடிபட்ட அன்று தொடங்கி 3, 7, 14, 28ஆம் நாள் என்று டாக்டர் எழுதித் தருவார். இரண்டாவது ஊசியோடு நாய் துள்ளி ஓடும், சீட்டும் காணாமல் போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரிலேயே இருக்கிறது. அதன் மதிலையொட்டி நடைப்பயிற்சி போகிறவர்களே இப்படி.

கீரியைப் பிடித்து 10 நாள் கட்டிப்போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தம்பி கம்போடு கிளம்புவான். அந்த 10 நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான். காட்டு விலங்குக்கு அது பொருந்தாது. கீரியைத் தொட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தம்பியைத்தான் கட்டிப்போடும்.

கடைசியாக, கழுவியவர் கையில் கீறல் இருந்து நாயின் புண்ணோ எச்சிலோ பட்டிருந்தால் அவரும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே "எது கடிச்சது?" என்பார்கள். "கீரி." "யாரை?" "நாயை." அடுத்த நொடி உங்களை மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்ப்பார்கள். அதனால் கதையைக் கீரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் கையை நீட்டுங்கள்.