வகுப்பறையும் ஜெராக்ஸ் கடையும்

கேள்வி: பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து மாணவிகளுக்குக் கொடுத்தால் பதிப்புரிமைச் சட்டம் பாயுமா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: பாயாது. தைரியமாகக் கொடுங்கள்! ஆசிரியரும் மாணவரும் பாடத்துக்காகப் படியெடுப்பதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது.

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் சேர்ந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தையும், வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையையும் உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தன. பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து விற்றதுதான் புகார். தம் நூல்களும் வழக்கில் இடம்பெற்றிருந்த பேராசிரியர் அமர்த்தியா சென்னே வழக்கைக் கைவிடச் சொல்லிப் பதிப்பகங்களுக்கு எழுதினார். 2016இல் தீர்ப்பு மாணவர் பக்கம் வந்தது. பதிப்புரிமை தெய்வம் தந்த வரமல்ல என்றார் நீதிபதி. மேல்முறையீட்டில் இருவர் அமர்வு, எத்தனை பக்கம் என்பதல்ல, கற்பிக்க எவ்வளவு தேவை என்பதே அளவுகோல் என்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

பந்தியில் வயிறாரச் சாப்பிடலாம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை போடக் கூடாது. முழு நூலையும் நகலெடுத்து விற்பது எழுதியவர் வயிற்றில் அடிப்பது. தேவையான பக்கங்களைக் கொடுங்கள். முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். சட்டத்தோடு மரியாதையையும் மாணவிகள் கற்றுக்கொள்வார்கள்.