வீட்டோட மாப்பிள்ளை

ஏலே ஈ-கோலை, ஒண்ணு கேக்கேன், முறைக்காதே. உன் வீட்டுக்குள்ள ஒருத்தன் குத்தவச்சிருக்கானே, அவனை என்னைக்காச்சும் பாத்திருக்கியா?

உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. 1922-ல கலிபோர்னியாவுல ஒரு நோயாளி மலத்துலேர்ந்து உன்னை எடுத்து, கே-12னு பேரு வச்சுச் சீராட்டி வளத்தாவளே, அந்தப் படிச்ச ஆளுக கண்ணுலயே மாப்பிள்ளை வெகுகாலம் படல. கடைசியில எஸ்தர் லெடர்பெர்க் அம்மாதான் கண்டுபிடிச்சா. உன் வம்சத்துல ஒரு பய, புற ஊதா வெளிச்சம் பட்டதுல மாப்பிள்ளையைத் தொலைச்சுட்டு நின்னான். அவனையும் உன்னையும் ஒரே தட்டுல கலந்து வச்சா, அவன் கூட்டம் ஓரமெல்லாம் கொறிபட்டு, பொத்தல் பொத்தலாக் கிடக்கு. உன்கிட்டேருந்து நழுவுன வைரஸ் பாத்த வேலை. 'லேம்டா'ன்னு பேரு வச்சா.

பய கெட்டிக்காரன்லே. வந்ததும் தன் டி.என்.ஏவை உன் டி.என்.ஏவுலயே, கேலக்டோஸ் ஜீனுக்கும் பயோட்டின் ஜீனுக்கும் நடுவுல சொருகிட்டான். நீ ரெண்டாப் பிரியும்போதெல்லாம் அவனையும் உன் செலவுலயே நகலெடுக்கே. சி-ஒன்னுனு ஒரு புரதத்தை விட்டுத் தன் மத்த ஜீனையெல்லாம் வாய்பொத்த வச்சிருக்கான். வேற லேம்டா எவனாச்சும் உள்ள வந்தாலும் அதே புரதம் அமுக்கிப்போடும். 'மாப்பிள்ளை காவல் இருக்காரு'ன்னு நீ நெஞ்சை நிமித்துதே. இருலே, இரு.

பாரீசுல ஆந்த்ரே லுவாஃப்னு ஒரு மனுசர். மெகாதீரியம்னு இன்னொரு பாக்டீரியாவுல ஒத்தையைத் துளித் தண்ணியில விட்டு, கண்ணெடுக்காமப் பாத்தாரு. 19 தடவை பிரிஞ்சும் உள்ள இருக்கவன் மூச்சு விடல. அப்புறம் 1950-ல புற ஊதாவைக் காட்டினாரு. கொஞ்ச நேரத்துல கூட்டமே வெடிச்சுப்போச்சு. 1965-ல நோபல் குடுத்தாவ. வெடிச்சவனுக்கு இல்ல, பாத்தவருக்கு.

கூத்து என்னன்னா, அவனை எழுப்புறது நீதான். டி.என்.ஏ அடிபட்டதும் 'ஐயோ'ன்னு ரெக்-ஏ புரதத்தைக் கிளப்பி விடுதேல்லா? அது கிட்ட வந்ததும் அவன் சி-ஒன்னு தானா அறுபட்டுரும். அப்புறம் உன் வீட்டுச் சாமானை வச்சே நூறு பிள்ளை பெத்து, சுவரை உடைச்சுட்டுக் கிளம்பிருவான். அதனால வெயில்ல திரியாதே. கூச்சலும் போடாதே. கூச்சல் போடாட்டி டி.என்.ஏவை ஒக்கிட ஆளிருக்காது, அது வேற கத.

காலராக் கிருமியைப் பாத்தும் பொறாமைப்படாதே. அவன் அம்புட்டு ஆட்டம் போடுத விஷமே இப்பிடி வந்த ஒருத்தன் கொண்டாந்த சீருதான். உன் ஆளு சீரு கொண்டாரல, அள்ளிட்டுப் போவான். கிளம்பையில எப்பவாச்சும் வெட்டு தப்பி, பக்கத்துல இருக்க உன் கேலக்டோஸ் ஜீனையும் சேத்துத் தூக்கிருதான். அடுத்த வீட்டுல போயி, தன் சொந்தச் சம்பாத்தியம்னு இறக்கி வைப்பான். 'என்னதுலே அது'ன்னு கேக்க நீயா இருக்கப்போறே?