இலைமறை கேமரா

போட்டோ எடுக்க ஊட்டிக்குப் போனால்தான் உண்டா? என் வீட்டில் இருப்பது நாலு தொட்டிச் செடி.
– மொட்டை மாடி வாசகி, தாம்பரம்

அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன் 1931-ல் ஒரு முட்டைக்கோஸ் இலையைப் படமெடுத்தார். அது மியூசியம் ஏறிவிட்டது. நாம் அதைப் பொரியல் பண்ணிவிட்டோம்.

நான் எடுத்தால் இலை வெறும் பச்சையாகத்தான் விழுகிறது. ஏன்?
– பச்சைக் கண்ணாடி, திருச்சி

வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கிறீர்கள், அதான். அந்தப் பக்கம் சூரியன், இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் இலை. நரம்பெல்லாம் எக்ஸ்-ரே மாதிரி எழுந்து வரும். முகம் கறுக்குமே என்று கவலை வேண்டாம். செல்ஃபி அல்ல இது.

என் செடியில் பூச்சி அரிக்காத இலையே இல்லை.
– நொந்த தோட்டக்காரர், தென்காசி

யோகக்காரர் ஐயா நீர்! எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு நெளிந்து ஓடுகிறதா? இலையின் தோலுக்குள்ளேயே குடியிருந்து தின்ற புழுவின் ரூட் மேப் அது. ரோஜா இலை ஓரத்தில் அளவெடுத்தாற்போல் அரைவட்ட வெட்டு? இலைவெட்டித் தேனீ, தின்பதற்கல்ல, கூட்டுக்கு. கறிவேப்பிலையில் பறவை எச்சம் தெரிந்தால் துடைக்காதீர்கள், எச்சம் நகருகிறதா பாருங்கள். பட்டாம்பூச்சியின் பிள்ளையாக இருக்கலாம். மருந்தை அப்புறம் அடிக்கலாம்.

தண்ணீர் தெளித்துவிட்டு ‘பனித்துளி’ என்று போட்டால் தப்பா?
– ஸ்பிரே பாட்டில், கோவை

தப்பில்லை, மேக்கப். விடிகாலையில் சேப்பங்கிழங்குச் செடியிடம் போங்கள். இலை நுனியில் தொங்குவது பெரும்பாலும் பனியே அல்ல. வேர் ராத்திரி உறிஞ்சியதில் மிச்சத்தை இலை வெளியே தள்ளுகிறது. இலை மேல் ஒரு சொட்டு விட்டால் ஒட்டாமல் உருளும்: மெழுகும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமும் செய்யும் வேலை. அந்தச் சொட்டுக்குள் ஃபோகஸ் வையுங்கள். எதிர்வீடு தலைகீழாக நிற்கும். (ஜென்மப் பகையாளி என்றால் கூடுதல் திருப்தி.)

பெரிய கேமரா வாங்கணுமா?
– இ.எம்.ஐ. இளைஞன், சென்னை

பெர்லின் வாத்தியார் கார்ல் பிளாஸ்ஃபெல்ட், கையால் செய்த கேமராவில் செடிகொடிகளை 30 மடங்குவரை பெருக்கி எடுத்து 1928-ல் புத்தகமாக்கினார். இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸுக்கோ கேமராவே தேவைப்படவில்லை. ரசாயனம் தடவிய தாளில் கடற்பாசியை வைத்து வெயிலில் காட்டி, 1843-ல் நீலப் படங்கள் போட்டார். உம் போனுக்கு மூன்று கண், சிவபெருமானே! இன்னும் என்ன குறை?

கீரை ஆயச் சொன்னால் என் கணவர் ஒவ்வோர் இலையாகப் போட்டோ எடுக்கிறார்!
– பசியோடு ஒருத்தி, மதுரை

எடுக்கட்டும் தாயே. ஆய்ந்த இலையை மட்டும்தான் எடுக்கலாம் என்று சட்டம் போடுங்கள்.