விலாவுக்கு வாயில்லை

2004 ஏப்ரல். ஐஸ் ஹாக்கியில் பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணியின் கேப்டன் ஜோ தார்ன்டன், மாண்ட்ரியலுக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் ஏழு ஆட்டம் ஆடினார். போட்ட கோல் பூஜ்யம், போட உதவியதும் பூஜ்யம். லீக் சுற்றில் கோலும் உதவியுமாக 73 புள்ளி எடுத்த மனிதர்! 3-1 என்று முன்னிலையில் இருந்த பாஸ்டன் 4-3 என்று தொடரைக் கோட்டைவிட்டது. டிவி முன்னால் சோபாவில் சாய்ந்திருந்த நீதிபதிகள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: ஆளுக்கு நெஞ்சில் துணிவில்லை.

நெஞ்சில் இருந்தது கிழிந்துபோன விலாக் குருத்தெலும்பு. தும்மினாலே உயிர் போகும் இடம். அதோடுதான் பனியில் இறங்கி இடிபட்டுக்கொண்டிருந்தார். வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் எதிரணிக்காரன் அங்கேயே பார்த்துச் சாத்துவான். அதனால்தான் இன்றும் கிளப்புகள் "மேலுடம்பில் காயம்" என்று அறிக்கை விடுகின்றன. தலைக்கும் இடுப்புக்கும் நடுவே எங்கே என்று நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆடாமல் உட்கார்ந்தால் கோழை, ஆடினால் சோடை. வசதியான சட்டம்.

2005 நவம்பரில் பாஸ்டன் அவரை சான் ஹோசேவுக்குத் தள்ளிவிட்டது. அந்த சீசனிலேயே 125 புள்ளியோடு லீக்கில் முதலிடம். மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையும் வீட்டுக்கு வந்தது. "அதெல்லாம் லீக் சுற்றுதானே?" என்றது சோபா.

2017 பிளேஆஃபில் முழங்கால் ஜவ்வு கிழிந்த நிலையில் ஆடினார். அப்போதும் யாராவது கோல் எத்தனை என்றுதான் கேட்டிருப்பார்கள்.