கைப்பையில் இருந்தது யார் பணம்?

கேள்வி: மனைவியின் கைப்பையிலிருந்து கணவர் சொல்லாமல் பணம் எடுத்தால் அது திருட்டுதானே?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இங்கிலாந்தில் அது திருட்டன்று, அந்தப் பணத்தை மனைவி செலவழித்ததுதான் வேண்டுமானால் ஐயத்துக்குரியது. திருமணத்துடன் மனைவியின் சட்ட ஆளுமை கணவருடையதில் அடங்கிவிடுகிறது என்ற 'கவர்ச்சர்' கோட்பாட்டின்படி, அவளுடைய ரொக்கமும் கூலியும் தட்டுமுட்டுச் சாமானும் கணவருக்கே உரியவை.

பெண் வாக்குரிமைப் போராளி மில்லிசென்ட் ஃபாசெட்டின் பணப்பையை லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் திருடிப் பிடிபட்டவன்மீதான குற்றப்பத்திரிகை, அதிலிருந்த 1 பவுண்டு 18 ஷில்லிங் 6 பென்ஸைக் கணவர் ஹென்றி ஃபாசெட்டின் உடைமை என்றே குறித்தது. திருட்டுக் குற்றம் தம்மீதே சாட்டப்பட்டதுபோல் உணர்ந்ததாக மில்லிசென்ட் பின்னாளில் எழுதினார். ஹென்றியோ பெண்ணுரிமைக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் (பாவம், சொத்து அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை).

1870ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளிடமே விட்டது. 1882ஆம் ஆண்டில் நிறைவேறி, 1883 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம் அவளுடைய எல்லாச் சொத்தையும் அவளுக்கே உரியதாக்கியது. எனினும் இருவரும் சேர்ந்து வாழும்வரை, சொத்தை எடுத்ததற்காகக் கணவர்மீது மனைவி குற்றவழக்குத் தொடுக்க இயலாது என்றும், அவளைக் கைவிட்டுப் போகையில் எடுத்துச் சென்றால் மட்டும் தொடுக்கலாம் என்றும் அதே சட்டம் விதித்ததால், வீட்டிலேயே தங்கிவிடும் கணவருக்குக் கைப்பை திறந்தே இருந்தது.