ஆற்றங்கரை இலையுதிர்காலப் படக்கலை: ஸ்னேக் ஆற்று வளைவொன்றை முன்வைத்து

ஒரு கூட்டமே தோளோடு தோள் உரச நிற்கும் கரையில் எடுக்கப்பட்டு, அங்கே ஈ காக்கைகூட இல்லை என்று பார்ப்பவரை நம்பவைக்கும் நிலக்காட்சியே இலையுதிர்கால ஆற்றங்கரைப் படம் எனப்படும். இந்த இலக்கணத்துக்குள் வராதவை சுற்றுலாப் படங்கள். அவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எடுப்பவர் பொழுதுபோக்குப் படக்காரர்தானா என்று அறியும் சோதனை எளிது. கேமராவால் வரும் வருமானத்தைவிடக் கேமராவுக்கு ஆகும் செலவு கூடுதலாக இருக்க வேண்டும். இதை மட்டும் வைத்துக்கொண்டால் தொழில்முறைக் கலைஞர்களிலும் பலர் உள்ளே வந்துவிடுவார்கள் என்பதால், லென்ஸின் விலையை வீட்டில் பாதியாகச் சொல்பவர் என்ற துணைவிதியும் தேவைப்படுகிறது.

இத்துறையை ஆராய உகந்த இடம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் உள்ள ஆக்ஸ்போ பெண்ட். ஜாக்சன் ஏரி அணையைவிட்டு வெளியேறும் ஸ்னேக் ஆறு சிறிது தூரத்திலேயே வளைந்து நெளிந்து, பழைய வளைவொன்றை ஒதுக்கிவிட்டு வேறு வழி பார்த்துக்கொண்டது. பூகோளப் பாடம் குருட்டு ஆறு என்று சொல்லும் அமைப்பு இது. ஓட்டம் குறைந்து கிடப்பதால் நீர் கண்ணாடியாகிவிடுகிறது. மேற்கே 3,842 மீட்டர் உயர மோரான் சிகரம். அதன் முகத்தில் படிந்திருக்கும் ஸ்கில்லெட் பனியாறு நீளப் பிடி போட்ட வாணலியின் வடிவில் இருப்பதால் அப்பெயர் பெற்றது; நீரில் அந்த வாணலி தலைகீழாகத் தொங்கும். கரை நெடுக ஆஸ்பென், காட்டன்வுட் மரங்கள். நெடுஞ்சாலையும் கரையை ஒட்டியே போகிறது. இயற்கையின் அரிய படைப்புகளுள் வாகன நிறுத்துமிடத்தோடு சேர்த்தே வாய்த்தவை குறைவு. அவற்றுக்குத்தான் புகழும் அதிகம்.

செப்டம்பர் பிற்பகுதியில் இம்மரங்கள் மஞ்சளாகின்றன. பகல் குறுகி இரவு குளிரும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. கோடை முழுக்க அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் அப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. மேப்பிள் போன்ற மரங்களின் சிவப்பு வேறு கதை: ஆந்தோசயனின் என்ற அந்நிறமி பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. நிறம் முழுமையாக ஏறிய கட்டத்தை வல்லுநர்கள் உச்சம் என்பர். உச்சம் எப்போது வரும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்போது வந்தது என்பதில் இல்லை. புதிதாக வந்து சேரும் எவரிடமும், “போன வாரம் வந்திருக்கணும்” என்று முன்னரே வந்தவர் ஒருவர் சொல்வார். அந்தப் போன வாரத்தில் வந்தவர்களுக்கும் இதே தகவல்தான் தரப்பட்டது.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். டீட்டன் மலைகளை முதலில் படம் எடுத்தவர் வில்லியம் ஹென்றி ஜாக்சன், 1872இல், ஹேடன் தலைமையிலான அமெரிக்க அரசின் நில ஆய்வுக் குழுவோடு வந்தபோது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டிய காலம் அது. மூட்டை சுமக்கக் கோவேறு கழுதைகள் இருந்தன; இன்று அப்பணியைப் பெரும்பாலும் உடன் வந்த உறவினர் செய்கிறார். ஜாக்சன் ஏரிக்கு அந்தப் பெயர் இவரால் வந்ததல்ல, டேவிட் ஜாக்சன் என்ற தோல் வணிகரால் வந்தது. படம் எடுத்தவனைவிடத் தோல் உரித்தவனுக்குப் பெரிய ஏரி கிடைத்தது என்ற உண்மையை இத்துறையினர் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த பெயர் ஆன்சல் ஆடம்ஸ். அமெரிக்க உள்துறைக்காக 1941இல் ஒப்புக்கொண்ட பணியின் பகுதியாக, 1942இல், ஆக்ஸ்போ பெண்டுக்குத் தெற்கே ஒரு மேட்டிலிருந்து அவர் எடுத்த ஸ்னேக் ஆற்றுப் படம் உலகப் புகழ் பெற்றது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டிலும் அது இருக்கிறது. நிறத்துக்காகவே மக்கள் தேடிவரும் இந்த ஆற்றின் மிகப் புகழ்பெற்ற படம் கறுப்பு வெள்ளை என்பது இத்துறைக்கு நேர்ந்த சங்கடம். மேட்டுக்குக் கீழே மரங்கள் வளர்ந்து, படத்திலுள்ள ஆற்று வளைவை இப்போது பெரும்பாலும் மறைத்துவிட்டன. தட்டைப் பார்த்துவிட்டு வேற்றுக்கிரகவாசிகள் யாரேனும் வந்தால் அவர்களுக்கும் அந்தக் கோணம் கிடைக்காது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல அங்கே ஆள் இருப்பார்.

கருவிகளுள் தலையாயது ட்ரைபாட். கேமராவை அசையாமல் தாங்குவது அதன் இரண்டாவது பயன். முதற்பயன், காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உரிமையாளருக்குக் கரையில் இடம் பிடித்து வைப்பது. பேருந்து ஜன்னல் வழியே துண்டு போடும் முறையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. கால்களை எவ்வளவு அகட்டி வைக்கிறாரோ அவ்வளவு அனுபவசாலி. கரடி, ஓநாய்களிடமிருந்து 100 கெஜமும் பிற பெரிய விலங்குகளிடமிருந்து 25 கெஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. இன்னொரு படக்காரரின் ட்ரைபாடிலிருந்து எவ்வளவு தூரம் என்பது குறித்துச் சட்டம் மௌனம் சாதிப்பதால் அது முழங்கைகளால் தீர்மானிக்கப்படுகிறது.

அடுத்தது போலரைசர். லென்ஸின் முன் மாட்டித் திருகும் இந்தக் கண்ணாடி, ஈர இலையின் மேல் தெரியும் வெள்ளைப் பளபளப்பை நீக்கி மஞ்சளை ஆழமாக்கும். வானமும் கருநீலமாகும். ஆனால் நீரின் பிரதிபலிப்பையும் அது பளபளப்பாகவே கருதுகிறது. நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது பிரதிபலிப்பு அடியோடு அழிந்து ஆற்றின் அடிச்சேறு தெரியும். வளையத்தை ஒரு பக்கம் திருகினால் மரம் நன்றாக இருக்கிறது, மறுபக்கம் திருகினால் ஆறு நன்றாக இருக்கிறது. சிகரமும் அதன் நிழலும் பார்ப்பதற்கென்றே மலையேறி வந்தவர், விலை கொடுத்து வாங்கிய பொருளால் அதில் ஒன்றை அழித்துக்கொண்டிருப்பதை அரை மணி நேரம் கழித்துத்தான் கவனிப்பார்.

இதைவிடக் கடினமானது இலைக்கும் நீருக்கும் இடையிலான தகராறு. ஓடும் நீர் பட்டுத்துணிபோல் வர அரை நொடியோ அதற்கு மேலோ ஷட்டர் திறந்திருக்க வேண்டும். ஆஸ்பென் இலைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதன் காம்பு உருண்டையாக இல்லாமல், இலைப்பரப்புக்குக் குறுக்காகத் தட்டையாக இருக்கும். ஆகவே மூச்சுக்காற்றுப் பட்டாலும் இலை திருகித் திருகி நடுங்கும். அதை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும். இரண்டையும் தனித்தனியே எடுத்துக் கணினியில் ஒட்டுவது ஒரு தீர்வு. ஒட்டியதாகச் சொல்லாமல் இருப்பது அதன் இரண்டாம் பகுதி.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியன் படக்காரரின் முதுகுப்பக்கம் உதிப்பதால் முதல் ஒளி மோரான் உச்சியில் விழுந்து, மெல்ல இறங்கி, கடைசியாகத்தான் மரங்களைத் தொடும். குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீரின் மேல் மூடுபனி விரித்திருந்தால் அதுவும் கலைய வேண்டும். வெயில் ஏறினால் காற்று வீசத் தொடங்கும்; நீர் சிலிர்த்துப் பிரதிபலிப்பு உடையும். எல்லாம் கூடிவருவது சில நிமிடங்களே. குளிரில் பேட்டரி சோர்ந்துபோவதும் அந்த நிமிடங்களில்தான். அப்போது மூஸ் என்னும் பெரிய மான் ஒன்று நீரில் இறங்கினால் கரை இரு கட்சியாகப் பிரியும்: நீண்ட லென்ஸ் வைத்திருப்போர் வாழ்த்துவர், அகல லென்ஸ் வைத்திருப்போர் அது தண்ணீரைக் கலக்குவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பர்.

வீடு திரும்பியபின் நடப்பது நிறமேற்றம். ஃபிலிம் காலத்தில் இப்பொறுப்பை, 1990இல் சந்தைக்கு வந்த ஃபூஜியின் வெல்வியா ஏற்றிருந்தது. இயற்கை கொடுத்ததற்கு மேலேயே கொடுக்கும் என்று அது பெயர் வாங்கியது. இப்போது கணினித் திரையில் ஒரு நழுவுகட்டை போதும். மஞ்சள் ஆரஞ்சாகும்வரை அதை வலப்புறம் தள்ளி, பிறகு அடக்கத்தின் பொருட்டுச் சற்றே இடப்புறம் இழுப்பது முறை. கூடவே, ஓரத்தில் வந்துவிட்ட பக்கத்து ட்ரைபாடின் கால், நீரில் விழுந்த சிவப்புக் குல்லாயின் நிழல், எதிர்க்கரைத் துடுப்புப் படகு ஆகியவை ஒவ்வொன்றாக அழிக்கப்படும். இக்கட்டம் முடிந்ததும் முதல் பத்தியில் கூறிய இலக்கணம் முழுமை பெறுகிறது.

முடிந்த படங்களுள் மிகச் சில சட்டமிடப்பட்டு மைத்துனர் வீட்டுக்குத் திருமணநாள் பரிசாகச் செல்லும். பெரும்பாலானவை ஹார்ட் டிஸ்க்கில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்ற பெயர்களில் தங்கும். ஒன்று மட்டும் அலுவலகக் கணினியின் முகப்புத் திரைக்குப் போகும். அங்கே சம்பளப் பட்டியல் கோப்புறை சரியாகப் பனியாற்றின் மேல் அமரும்.