'எப்போதும்' தம்பி

எட்டியாந்தோட்டைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தத் தம்பி இருப்பான். அப்பா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போவார். இவன் பத்து மணிக்கு டவுன் கொமினிகேசன் கடையைத் திறப்பான். கழுத்தில் பென்டிரைவ், தாலி மாதிரி. யாரையும் ஏறிட்டுப் பார்க்காத பெரிய கிளாக்கர் ஐயாவே, "தம்பி, ஆபீஸ் பக்கம் கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்று குழைவது இவனிடம் மட்டும்தான்.

வந்தால் எதையாவது மாற்றாமல் போகமாட்டான். டெக்ஸ்ட் கோப்பு நோட்பேடில் திறந்தால் அவனுக்கு உடம்பு கூசும். 1985இல் முதல் விண்டோஸோடு கூடவே வந்த கிழம் அல்லவா அது! வலது கிளிக், 'ஓப்பன் வித்', நோட்பேட் பிளஸ் பிளஸ், 'எப்போதும்' என்பதற்கு ஒரு டிக். "இப்ப பாருங்க ஐயா!" ஐயா பார்த்தார். அதே கடிதம்தான், ஓரத்தில் வரிக்கு வரி நம்பர் விழுந்திருந்தது.

அதோடு போயிருக்கலாம். லயத்துக் கூரைத் தகரம் கேட்டு எப்போதோ பாமினி எழுத்துருவில் அடித்த மனு ஒன்றை, யாரோ டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்து தமிழ் வேஷம் கட்டுவது. டெக்ஸ்ட் கோப்போ வேஷத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும். அம்மாவே அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் நிற்பாள். "இதெல்லாம் ஒரு வேலையா ஐயா?" தம்பி செயலியின் எழுத்துருவையே பாமினியாக்கினான். மனு பளிச்சென்று தமிழில் எழுந்தது. ஐயா பிளேன்டீ சொல்லி அனுப்பினார், கருப்பட்டித் துண்டோடு.

மறுநாள் ஐயா ஆங்கிலத்தில் இருந்த ஸ்டோர் லிஸ்டைத் திறந்தார். 'டீ'க்குரிய மூன்று ஆங்கில எழுத்தும் 'வநய' என்று நின்றன. கீழே ஒரு பக்கம் முழுக்க அதே சாதி.

போன் போட்டார். தம்பி அப்போது கொழும்பு பஸ்ஸில்; புது வேலை.

"டேய், எழுத்து தமிழு, பாஷை எதுடா?"

"நான் நல்லாத்தானே வச்சிட்டு வந்தேன் ஐயா! அப்டேட்டு ஏதும் வந்திருக்கும்."

"எப்போதும்னு டிக் போட்டியே, அது எது வரைக்கும்?"

"அடுத்த அப்டேட்டு வரைக்கும் ஐயா."